பி.எஸ்சி கணிதம்: அலைடுக்கு எதை எடுப்பது, எந்த மீடியத்தில் சேர்வது?

மலையடிவாரம்:
வணக்கம். தங்கச்சிக்குச் சேலத்தில் ஒரு அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி கணிதம் கிடைத்திருக்கிறது. ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஏற்காட்டில் தமிழ் வழியில்தான் படித்தாள். அலைடு பாடமாக, அதாவது மேஜரோடு படிக்கும் துணைப்பாடமாகப் புள்ளியியல், இயற்பியல், கணினி மூன்றில் ஒன்றை முதலாண்டுக்கும் இன்னொன்றை இரண்டாம் ஆண்டுக்கும் எடுக்கச் சொல்கிறார்கள். தமிழ் வழியா ஆங்கில வழியா என்றும் எழுதிக் கொடுக்க வேண்டும். அவளுக்கு ஆசை இரண்டு: பள்ளிக் கணித ஆசிரியை, இல்லாவிட்டால் டேட்டா அனலிஸ்ட். மத்திய அரசுத் தேர்வு எழுதவும் வீட்டில் சொல்கிறோம். எதை எடுத்தால் எந்தக் கதவும் மூடாமல் இருக்கும்?

கணக்கு வாத்தியார்:
வேலையிலிருந்து பின்னோக்கி வாருங்கள். மூன்று வேலைகளின் பழைய நோட்டிபிகேஷனை இறக்கி, கல்வித்தகுதி பத்தியை மட்டும் படித்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஆசிரியை வேலைக்கு அலைடு பெரிதாகக் குறுக்கே வராது. மேஜர் (முதன்மைப் பாடம்) கணிதம், பிறகு இரண்டு ஆண்டு பி.எட்., டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) இரண்டாம் தாள். அந்தத் தாள் 150 மதிப்பெண். பொதுப்பிரிவுக்கு 90 வேண்டும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு அதைவிடக் குறைவு. அதற்கு மேல் டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) நடத்தும் நியமனத் தேர்வு தனி. கவனிக்க வேண்டிய இடம் எம்.எஸ்சி. முதுகலை ஆசிரியர் பணிக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாகவோ இணையான பாடமாகவோ இருக்க வேண்டும். பி.எஸ்சி கணிதம் முடித்து எம்.எஸ்சி டேட்டா சயின்ஸ் போனால் டேட்டா வேலைக்கு நல்லது, முதுகலைக் கணித ஆசிரியர் வாய்ப்பு போய்விடும். பட்டத்தின் பெயர் வழக்கத்துக்கு மாறாக இருந்தால் உயர்கல்வித் துறையின் இணைத்தன்மை அரசாணை (இந்தப் பட்டம் அந்தப் பட்டத்துக்குச் சமம் என்னும் ஆணை) இருக்கிறதா என்று சேரும் முன்பே பாருங்கள். சான்றிதழ் சரிபார்ப்பில் பெயர் நீக்கப்பட இதுவும் ஒரு காரணம்.

மத்திய அரசில் புள்ளியியல் சார்ந்த பணி மூன்று இடத்தில் வருகிறது, மூன்றுக்கும் விதி வேறு. யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணிக்குப் பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருக்க வேண்டும். எஸ்எஸ்சி (மத்தியப் பணியாளர் தேர்வாணையம்) பட்டதாரிகளுக்கு நடத்தும் சிஜிஎல் தேர்வில் ஜூனியர் ஸ்டாட்டிஸ்டிகல் ஆபீசர் பணிக்குப் பட்டத்தோடு பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் 60 சதவீதம் இருந்தாலே போதும், அல்லது பட்டத்தில் புள்ளியியல் ஒரு பாடமாக இருக்க வேண்டும். அதே சிஜிஎல்லில் ஸ்டாட்டிஸ்டிகல் இன்வெஸ்டிகேட்டர் பணிக்கு மூன்றாண்டும், அதாவது ஆறு செமஸ்டரும், புள்ளியியல் படித்திருக்க வேண்டும். அலைடு என்பது இரண்டே செமஸ்டர். ஆகவே அலைடை நம்பி இந்த ஒரு பதவிக்கு விண்ணப்பிக்க முடியாது.

என் தீர்ப்பு: முதலாண்டு புள்ளியியல், இரண்டாம் ஆண்டு கணினி.

மலையடிவாரம்:
மிக்க நன்றி ஐயா. இயற்பியலை விட்டால் ஏதாவது இழப்பு வருமா? இன்னொன்று, சீனியர் பெண்கள் "புள்ளியியல் சுலபம், மார்க் வரும்" என்கிறார்கள். அதை நம்பலாமா?

கணக்கு வாத்தியார்:
எம்.எஸ்சி இயற்பியல் போகும் எண்ணம் இருந்தால் மட்டுமே இழப்பு. மார்க்கைப் பற்றி ஒன்று: பட்டப்படிப்பின் பாடங்களைப் பகுதி பகுதியாகப் பிரித்திருப்பார்கள், அதில் பகுதி மூன்றில் மேஜரும் அலைடும் சேர்ந்தே வருகின்றன, முதுகலைச் சேர்க்கையில் பெரும்பாலும் அந்தப் பகுதி மூன்றைத்தான் கணக்கிடுகிறார்கள். அலைடுதானே என்று விட்டால் மேஜரில் சம்பாதித்தது அங்கே கரையும். சாதாரணமாக அகமதிப்பீடு 25, வெளித்தேர்வு 75. மொத்தத்தில் நாற்பது வந்தாலும் வெளித்தேர்வில் 30-க்குக் கீழே போனால் அரியர். தன்னாட்சிக் கல்லூரி என்றால் அவர்களின் ஒழுங்குமுறையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சுலபமா இல்லையா என்று சீனியரைக் கேட்பதைவிடப் பாடத்திட்டத்தைத் திறந்து ஐந்து அலகுகளையும் வாசியுங்கள். முதல் தாளில் சராசரி, திட்ட விலக்கம், நிகழ்தகவு, பரவல்கள் இருக்கும். இரண்டாம் தாளில் மாதிரிக் கணிப்பு, டி, எஃப், கை வர்க்க (chi-square) சோதனைகள் வர வேண்டும். இரண்டாவது இல்லாமல் முதல் தாளையே நீட்டி வைத்திருந்தால் அந்த அலைடு டேட்டா வேலைக்கு அரைப்பாடம்தான். மார்க் ஷீட்டில் தாளின் பெயர் எப்படி அச்சாகிறது என்றும் பாருங்கள். "புள்ளியியல்" என்ற சொல் அதில் இருந்தால் சரிபார்ப்பில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம்.

சேர்வராயன்:
மீடியத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதுதான் திருப்ப முடியாத முடிவு. தமிழ் வழியில் படித்தோருக்கு மாநில அரசுப் பணி நியமனத்தில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2010-இல் வந்த சட்டம் 2020-இல் திருத்தப்பட்டது. அதன்படி ஒன்றாம் வகுப்பு முதல் அந்தப் பதவிக்கு வேண்டிய தகுதிவரை எல்லாமே தமிழ் வழியில் இருக்க வேண்டும். டிஎன்பிஎஸ்சி (மாநில அரசுப் பணியாளர் தேர்வாணையம்) குரூப் 4-க்குத் தகுதி பத்தாம் வகுப்பு என்பதால் அந்த உரிமை தங்கச்சிக்கு இப்போதே இருக்கிறது, எந்த மீடியத்தில் சேர்ந்தாலும் போகாது. பட்டம் தகுதியான குரூப் 2-க்கு பி.எஸ்சியும் தமிழ் வழியாக வேண்டும். டிஆர்பி பட்டதாரி ஆசிரியருக்கு பி.எட்.டும் சேர்த்து. நடுவில் ஒரு படிப்பு ஆங்கில வழியாக இருந்தால் அதற்கு மேலுள்ள பதவிகளுக்கு அந்த முன்னுரிமை இல்லை.

ஆசிரியை ஆசை உண்மையாக இருந்தால் தமிழ் வழியே எடுங்கள். டேட்டா வேலைக்கு வேண்டிய ஆங்கிலக் கலைச்சொற்களை ஆங்கிலப் பாடநூலைப் பக்கத்தில் வைத்துப் பழகிக்கொள்ளலாம். பறிபோன முன்னுரிமையை அப்படித் திரும்பப் பெற முடியாது. ஒவ்வொரு படிப்பும் முடியும்போதே தமிழ் வழிச் சான்றிதழை அந்தந்தத் தலைமையாசிரியரிடமோ முதல்வரிடமோ உரிய படிவத்தில் வாங்கி வையுங்கள். தொடக்கப்பள்ளி, மேல்நிலைப்பள்ளி என்று பள்ளி மாறியிருந்தால் இரண்டிடத்திலும் வாங்க வேண்டும்.

ஐந்து ரோடு:
டேட்டா அனலிஸ்ட் பக்கம் நான் சொல்கிறேன். நேர்முகத்தில் முதலில் கேட்பது எக்செல், எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் மொழி), பிறகு பைத்தான் நிரல்மொழி. அலைடு கணினியில் சி மொழி மட்டும் இருக்கிறதா, டேட்டாபேஸ் தாளும் லேபும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். டேட்டாபேஸ் இல்லாவிட்டால் அதை வெளியே படித்துத்தான் ஆக வேண்டும்.

வெளியே என்றால் காசு கட்டும் கோச்சிங் முதல் வழி இல்லை. ஐஐடிகள் ஆன்லைனில் நடத்தும் என்பிடெல் வகுப்பில் சேர்வதும் படிப்பதும் இலவசம், தேர்வுக்குத்தான் கட்டணம். 4 வாரம் 1 கிரெடிட், 8 வாரம் 2, 12 வாரம் 3. வாராந்தர அசைன்மென்டுக்கு 25, மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. அசைன்மென்டில் 10, தேர்வில் 30 என இரண்டும் தனித்தனியாக வந்தால்தான் சான்றிதழ். பிள்ளைகள் கோட்டை விடுவது அசைன்மென்டின் கடைசித் தேதியில்தான். மலையில் நெட் போகும் நாளில் அப்லோடு ஆகாது, தேதி தாண்டினால் ஏற்கவும் மாட்டார்கள். இரண்டு நாள் முன்பே முடித்துவிடச் சொல்லுங்கள். கிரெடிட்டைக் கல்லூரி ஏற்குமா என்று சேரும் முன்பே துறைத் தலைவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. 2022-இல் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திறன் பயிற்சி வகுப்பும் கல்லூரி வழியாக வரும். தேர்வு செய்யும் வாய்ப்பு இருந்தால் எக்செல், டேட்டா சார்ந்ததைக் கேளுங்கள்.

ஐஐடி மெட்ராஸ் ஆன்லைனில் நடத்தும் பி.எஸ் டேட்டா சயின்ஸைக் கல்லூரிப் படிப்போடு சேர்த்தே படிக்கலாம். நுழைய நான்கு வாரத் தகுதிச் சுற்று உண்டு, வருமானத்தையும் வகுப்பையும் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. தேர்வுகள் மட்டும் நேரில். ஆனால் முதல் செமஸ்டரிலேயே தொடங்க வேண்டாம். மேஜரில் கால்குலஸும் அலைடில் நிகழ்தகவும் ஓரளவு பிடிபட்ட பிறகு சேர்ந்தால் அங்கே வரும் கணிதமும் புள்ளியியலும் பாதி தெரிந்ததாக இருக்கும்.

சேர்வராயன்:
என்எம்இ-யும் (வேறு துறையிலிருந்து எடுக்கும் விருப்பப் பாடம்) கேட்பார்கள், முதலாண்டில் 2 கிரெடிட். சொந்தத் துறையில் எடுக்க முடியாது. தோழிகள் எடுப்பதையே எடுப்பதுதான் வழக்கம். பொருளியல் துறை இந்தியப் பொருளாதாரம் கொடுத்தால் குரூப் 2 பாடத்திட்டத்தில் ஒரு பகுதி அங்கேயே முடியும். ஐந்தாம் ஆறாம் செமஸ்டர் விருப்பப் பாடத்தில் உகப்பாக்கம் (ஆப்டிமைசேஷன்) அல்லது எண்ணியல் முறைகள் கிடைத்தால் டேட்டாவுக்கு உதவும். எண் கோட்பாடு ஆசிரியைக்குப் பிடிக்கும், வேலைக்குப் பெரிதாக உதவாது.

கடைசியாக ஷிப்ட். பல அரசுக் கல்லூரிகளில் காலை, மதியம் என்று இரண்டு ஷிப்ட். மதிய ஷிப்ட் கிடைத்து தினமும் ஏற்காட்டிலிருந்து வந்து போவதென்றால், மாலை லேப் முடிந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறும் பஸ்ஸைப் பிடிப்பது சிரமம். மழைக்காலத்தில் மலைப்பாதை அடைபட்டால் 75 சதவீத வருகைப்பதிவும் கையை விட்டுப் போகும். காலை ஷிப்ட் கேளுங்கள். கிடைக்காவிட்டால் சேலத்தில் அரசு மாணவியர் விடுதிக்கு இந்த வாரமே விண்ணப்பியுங்கள். வகுப்பு தொடங்கியபின் இடம் கிடைப்பது கடினம்.