பினாங்குக் கடைத்தெரு: வாடகை, சுண்ணாம்பு, வியாபாரம்

பட்டர்வொர்த்திலிருந்து:

ஜார்ஜ் டவுன் எப்போது காலியானது என்று கேட்டால், எங்கள் வீட்டுப் பெரியவர்கள் 2000 ஜனவரி என்பார்கள். 1948-க்கு முன் கட்டிய கடைவீடுகளுக்கு அதுவரை வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. கிடைப்பது சொற்ப வாடகை என்பதால் வீட்டுக்காரர் உடைந்த கூரை ஓட்டைக்கூட மாற்ற மாட்டார். குடியிருப்பவரும் இடத்தை விட மாட்டார். சட்டம் போனதும் வாடகை எகிறியது. என் மாமா குயின் தெருப் பக்கம் மசாலா அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கீழே இயந்திரம், மேலே குடித்தனம். கட்டுப்படியாகாமல் கடல் தாண்டி எதிர்க்கரையில் இருக்கும் இங்கே வந்துவிட்டார். காலியான மாடிகள் சிலவற்றில் உழவாரக் குருவிகளை வரவழைக்க ஒலிபெருக்கியில் குருவிச் சத்தத்தை ஓடவிட்டு, சூப் வைக்க வாங்கப்படும் அவற்றின் கூடுகளை எடுத்து விற்றார்கள். மனிதர் போய்க் குருவி வந்தது! 2008-இல் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த பிறகுதான் பாதுகாக்கப்பட்ட பகுதியில் அந்தத் தொழிலுக்குத் தடை வந்தது.

ஆனால் மார்க்கெட் ஸ்திரீட், அதாவது நம்மவர்களின் கடைத்தெரு, அவ்வளவு சோர்ந்துபோகவில்லை. சேலை, பித்தளைச் சாமான், பூச்சரம், மளிகை, நாணயமாற்று எல்லாம் அங்கேயே இருந்தன. பக்கத்திலேயே 1833-இல் எழுப்பிய மாரியம்மன் கோவில். கல்யாணத்துக்குத் தாம்பூலச் சாமான் வாங்க எங்கே இருந்தாலும் அங்கேதான் போயாக வேண்டும். தீபாவளி நெருங்கினால் அஞ்சடியில், அதாவது கடைகளின் முன்னால் உள்ள கூரையிட்ட நடைபாதையில், தோள் இடிக்காமல் நடக்க முடியாது. பெயர்ப்பலகை வைத்துக் காப்பாற்றிய தெரு இல்லை இது, வாங்க வந்தவர்கள் காப்பாற்றியது.

ஈப்போவிலிருந்து:

நான் கட்டட வேலைக்காரன். நகரப் புதுப்பிப்பு அமைப்பான திங்க் சிட்டி 2009-இல் தொடங்கி, ஜார்ஜ் டவுன் கடைவீடுகளைப் பழுதுபார்க்க மானியம் கொடுத்து வந்தது. அப்படி மானியம் வாங்கிய ஒரு வீட்டில் வேலை செய்தேன். முன்னால் யாரோ அக்கறையாகச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். விரல் முட்டியால் தட்டினால் பொள்ளல் சத்தம். உளியால் பெயர்த்தபோது பூச்சு பலகை பலகையாக விழுந்தது. உள்ளே செங்கல் ஈரமாக, வெள்ளை உப்புப் பூத்து, நகத்தால் சுரண்டினாலே உதிர்ந்தது. பழைய செங்கல், தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விடும், சிமெண்ட் அடைத்துவிடும். மூத்த கொத்தனார் ஒருவர் சுண்ணாம்பைப் பீப்பாயில், மேலே தண்ணீர் நிற்க ஊறப்போட்டிருந்தார். கரண்டியில் எடுத்தால் வெண்ணெய் மாதிரி வழுக்கும். சுவர் காயும்வரை அடுத்த பூச்சு பூச அவர் ஒப்பவே இல்லை. வீட்டுக்காரர் தினமும் வந்து நச்சரித்தார். எனக்கென்னவோ கொத்தனார் பக்கம்தான் நியாயம்.

சிங்கப்பூரிலிருந்து:

ஜார்ஜ் டவுன் ஆர்மீனியன் ஸ்திரீட்டில் 2012-இல் சுவரில் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் ஓவியத்தைப் பார்க்கப் போனேன். படம் பிடிக்க வரிசை. சுற்றிலும் காப்பிக் கடை, காந்த பொம்மைக் கடை, மறுபடி காப்பிக் கடை. உளுந்து வாங்க ஒரு கடை இல்லை. முகப்பு அப்படியே இருக்கிறது, சரி. உள்ளே இருந்தவர்கள் எங்கே?

பட்டர்வொர்த்திலிருந்து:

சிங்கப்பூர் நண்பர் கேட்பது நியாயம். மரபுப் பகுதி விதிமுறை ஓடு, முகப்பு, உயரம் எல்லாவற்றையும் பார்க்கிறது. கடையை யாருக்கு, எவ்வளவு வாடகைக்கு விடுவது என்பது உரிமையாளர் பாடு. ஆனாலும் காப்பிக் கடைக்காரரை மட்டும் திட்ட மனம் வரவில்லை. அவரில்லாமல் பல கூரைகள் இன்றைக்கு நின்றிருக்காது. ஜார்ஜ் டவுனில் நிறையக் கடைவீடுகள் சீனர்களின் குலச் சங்கங்களான கொங்சிகள், பள்ளிவாசல் வக்ஃபு, கோவில்கள் ஆகியவற்றின் சொத்து. அங்கெல்லாம் கமிட்டி மனசு வைத்தால் பழைய தையல்காரரை மிதமான வாடகையில் இருக்கவிடலாம். பினாங்கு மரபு அறக்கட்டளை 1986-இலிருந்து இதையெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறது. பழைய கைத்தொழில்களை இளையவர்கள் கற்றுக்கொள்ளப் பயிற்சித் திட்டமும் நடத்தியது. நம் கோவில் கமிட்டிகளில் இந்தப் பேச்சு ஆண்டுக் கூட்டத்தில்கூட எழுவதில்லை.

அப்புறம், ஈப்போ அண்ணே, ஊறின சுண்ணாம்பு இப்போது எங்கே வாங்குகிறீர்கள்? எங்கள் கமிட்டியிடம் ஒரு கடைவீடு இருக்கிறது. போன மழைக்கு முன்னால்தான் சிமெண்ட் பூசினார்கள். அதற்குள் உப்புப் பூத்துவிட்டது.