ஒலிம்பிக் ஜோதி ஓட்டத்தை நிறுத்தினால் என்ன?

மைதானப்பித்தன்:
கிரேக்கத்து ஒலிம்பியாவில் பூசாரி வேஷத்தில் பெண்கள் வந்து, குழியாடியில் வெயிலைக் குவிச்சு ஜோதி ஏத்துறாங்க. பார்த்தா ரெண்டாயிரம் வருஷத்துச் சடங்கு மாதிரி இருக்கும். ஆனா நாடு நாடா ஜோதியைத் தூக்கிட்டு ஓடுறது 1936 பெர்லினுக்காக அந்தப் போட்டியோட அமைப்பாளர் கார்ல் டீம் (Carl Diem) கொண்டுவந்த ஏற்பாடு. பந்தம் செஞ்சு கொடுத்தது பீரங்கி செஞ்ச க்ரூப் கம்பெனி. ஹிட்லர் ஆட்சியோட விளம்பரத்தை நாம ஏன் கட்டி அழணும்?

ரிலே ராசாத்தி:
ஜோதி அதுக்கும் முன்னாடியே வந்தாச்சு, 1928 ஆம்ஸ்டர்டாம் ஸ்டேடியக் கோபுரத்தில். ஓட்டம் பெர்லின் சரக்குதான், மறுக்கல. ஆனா 1948-ல என்ன நடந்தது? கிரேக்கத்தில் உள்நாட்டுப் போர். ஒலிம்பியாவில் ஜோதியை முதல்ல வாங்கினவர் ஒரு ராணுவ வீரர். ஆயுதத்தைக் கீழே வெச்சு, சீருடையைக் கழற்றிட்டுத்தான் ஓட ஆரம்பிச்சார். 1964 டோக்கியோவில் கடைசியா ஓடின யோஷினோரி சகாய், அணுகுண்டு விழுந்த அதே நாள் ஹிரோஷிமா மாகாணத்தில் பிறந்தவர். இதுல எங்கே இருக்கு ஹிட்லர் விளம்பரம்?

மைதானப்பித்தன்:
2008 பெய்ஜிங் ஜோதி மட்டும் மறந்துபோச்சா மேடம்? பாரிஸில் திபெத் ஆதரவாளர்கள் மறிச்சதால ஜோதியை அணைச்சு பஸ்ஸில் ஏத்தினாங்க. நம்ம கால்பந்து வீரர் பைச்சுங் பூட்டியா தூக்கவே மாட்டேன்னுட்டார். டெல்லியில் ஜனங்களை விரட்டிட்டு போலீஸ் நடுவுல ஓட்டம். மறு வருஷமே ஒலிம்பிக் கமிட்டி உலகம் சுத்துற ஓட்டத்துக்கு முழுக்குப் போட்டுடுச்சு.

கடைசிபெஞ்ச்:
சண்டை நடுவுல ஒண்ணு. 1976 மாண்ட்ரியலுக்கு ஏதென்ஸ் சுடரை மின் சிக்னலா மாத்தி, செயற்கைக்கோள் வழியா ஒட்டாவாவுக்கு அனுப்பி, அங்கே லேசரால ஏத்தினாங்க. அவ்வளவு விஞ்ஞானமும் எதுக்கு? போட்டி நடக்கும்போதே மழையில் ஸ்டேடியத்து ஜோதி அணைஞ்சு, ஒருத்தர் சிகரெட் லைட்டரால ஏத்திட்டார்! அப்புறம் அதை அணைச்சுட்டு, பத்திரமா வெச்சிருந்த மூலச் சுடரிலிருந்து ஏத்தினாங்க 😄

ரிலே ராசாத்தி:
பித்தன், உலகம் சுத்துறதை நிறுத்தினது சரிதான். போட்டி நடக்கிற நாட்டுக்குள்ள ஓடட்டுமே. ஸ்டேடிய டிக்கெட் வாங்க முடியாத ஊர்க்காரன் தெருவில் நின்னு ஓசியில் பார்க்கிறான்.

மைதானப்பித்தன்:
ஓசியா? 1984 லாஸ் ஏஞ்சலஸில் கிலோமீட்டர் 3,000 டாலர்னு வித்தாங்க. கிரேக்கர்களே கொதிச்சுப் போனாங்க.

ரிலே ராசாத்தி:
வித்தது ஓடுற வாய்ப்பை, பார்க்கிறதை இல்ல. அந்தக் காசும் சிறுவர் விளையாட்டு அமைப்புகளுக்குத்தான் போச்சு. அதையும் சேர்த்துச் சொல்லுங்க சார்.