உடைஞ்ச ஸ்டட்டை எடுக்கற கருவிக்கு ‘மரைவாங்கி’ன்னு வச்சுக்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம். இன்ஜின் பாகங்கள இணைக்கற மரை போட்ட கம்பிதான் ஸ்டட்; அது உடைஞ்சா எடுக்கற ஸ்டட் எக்ஸ்ட்ராக்டருக்கு, நம்ம கலைச்சொல் பட்டியலுக்காக ‘ஆணிபிடுங்கி’ன்னு போன மடல்ல ஒருத்தர் சொன்ன சொல்லுல எனக்கு உடன்பாடு இல்ல. ஆணிய நேரா இழுத்துப் பிடுங்கலாம், ஆனா இன்ஜின் ஸ்டட்டுக்கு ரெண்டு முனையிலயும் மரை, தலையே கிடையாது, அத இழுத்தா, அது மாட்டியிருக்கற சிலிண்டர் ஹெட்டுல (இன்ஜினோட மேல்மூடி) இருக்கற மரையும் சேந்து போயிடும்.

போன மாசம் புதுப்பேட்டைல என் பழைய கார். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட (இன்ஜின் புகைய வெளிய கொண்டுபோற குழாய்) பிடிச்சிருக்கற ஸ்டட் ஒண்ணு, எம்8 சைஸ், அதாவது 8 எம்எம், ஹெட்டு மட்டத்துக்கே முறிஞ்சு கெடந்துச்சு. ஹெட்டு அலுமினியம், ஸ்டட்டு இரும்பு, வருஷக்கணக்குல சூடாகி ஆறி சூடாகி ஆறி அரிப்பும் சேந்து ரெண்டும் ஒண்ணாவே ஒட்டிக்கிச்சு. மெக்கானிக் அண்ணன் முறிஞ்ச வாய் மேல ஒரு வாஷர வச்சு வெல்டு வச்சாரு, அதுக்கு மேல ஒரு நட்டு, அதுக்கும் வெல்டு. செவப்பு அடங்கினதும் மெழுகுவத்திய ஓரத்துல தேச்சாரு, உருகி உள்ள இறங்கிச்சு. அப்பறம் ஸ்பேனர போட்டு கொஞ்சம் பின்னாடி, கொஞ்சம் முன்னாடி, மறுபடி பின்னாடி. “இழுத்துப் பாக்கலாமாண்ணே”ன்னு கேட்டேன். “இத புடுங்கக் கூடாது சார், சுத்தி சுத்தி வாங்கணும்”னாரு.

அந்த ‘வாங்கணும்’தான் நமக்கு வேண்டிய சொல். முள்வாங்கி நம்மகிட்ட எப்பவோ இருக்கு, சதை கிழியாம முள்ள மட்டும் எடுக்கற சாமான், இங்கயும் அதே வேலைதான். ‘வாங்கி’ன்னா கடைல வாங்கறது மாதிரி இருக்கேன்னு தோணலாம், மைக்க ஒலிவாங்கின்னு சொல்றப்ப யாருக்கும் அப்படித் தோணறதில்லையே. அதனால பொதுப்பேரு மரைவாங்கி.

இதே வேலைக்கு இருக்கற இன்னொரு கருவி ஈசி அவுட், அதுக்குத் தனிப்பேரு வேணும். அது கூம்பா இருக்கும், புரி இடப்பக்கமா ஓடும், ஸ்டட் நடுவுல துளை போட்டு அத விட்டுக் கழட்டற பக்கம் திருப்பினா திருப்பத் திருப்ப உள்ள இறுகிப் பிடிச்சுக்கும். ‘இடம்புரி வாங்கி’ கேக்க அழகா இருக்கு, ஆனா சங்குக் கணக்கு நேர்மாறு: சாதாரண ஸ்க்ரூ சுத்தற பக்கமே சுத்தற சங்கத்தான் நாம இடம்புரிங்கறோம், எதிர்ப்பக்கம் சுத்தற அபூர்வமானதுதான் வலம்புரி. படிக்கற பசங்க கண்டிப்பா குழம்புவாங்க. ‘இடமரை வாங்கி’ போதும். விளக்கத்துல ஒரு எச்சரிக்கையும் சேருங்க, இதுக்கு முன்னாடி வேற ஒரு ஒர்க்‌ஷாப்புல ஈசி அவுட் என் ஹெட்டுக்குள்ளயே ஒடிஞ்சுது, கடினப்படுத்தின எஃகு, சாதாரண டிரில் பிட் ஏறவே இல்ல, கடைசில ஹெட்டக் கழட்டி ஸ்பார்க் எரோஷனுக்கு (மின்பொறியால உலோகத்த அரிச்சு எடுக்கறது) அம்பத்தூர் வரைக்கும் தூக்கிட்டுப் போனேன்.

மரை சீஸ் ஆறதுக்கு, அதாவது கழட்ட முடியாம இறுகிப் போறதுக்கு, மெக்கானிக்குங்க ‘புடிச்சுக்கிச்சு’ம்பாங்க. தசைப்பிடிப்பு மாதிரி ‘மரைப்பிடிப்பு’ன்னு வச்சா ஸ்டட்டு, ஸ்பார்க் பிளக்கு, ஆக்சிஜன் உணரி (சென்சார்) எல்லாத்துக்கும் பொருந்தும். உணரிங்கற சொல்லு நிலைச்சுப் போச்சு, அதத் தொட வேண்டாம். ஆனா அந்த உணரியக் கழட்டற 22 எம்எம் சாக்கெட்டு ஸ்பேனரு, ஒயர் வெளிய வர பக்கவாட்டுல நீளமா வெட்டு விட்டிருப்பாங்களே, அதுக்கு எனக்கு நல்ல பேரு சிக்கல. ‘பிளவுக்குவளை’ன்னு எழுதிப் பாத்தேன், வாய்க்கு வரல. பட்டறைல கை அழுக்கோட நின்னு கேக்கறவன் வாய்ல வர்ற மாதிரி ஒண்ணு யாராவது சொல்லுங்க.