18 சதவீத வருமானம், 46 சதவீதம் பேர்: டெல்டாவில் இன்னும் விவசாயம் எதற்கு?

வெண்ணாற்றங்கரை:
போன வாரம் கணக்குப்பிள்ளை இங்கே ஒரு கேள்வி போட்டிருந்தார். நாட்டின் உற்பத்தி மதிப்பில் விவசாயத்தின் பங்கு சுமார் 18 சதவீதம். ஆனால் வேலை செய்கிறவர்களில் 46 சதவீதம் பேர் அதில்தான் இருக்கிறார்கள். இத்தனை பேரை வயலில் நிறுத்தி என்ன பயன், காவிரி டெல்டாவைத் தொழிற்சாலைகளுக்குத் திறந்துவிட்டால் என்ன என்று கேட்டார்.

நான் நீடாமங்கலம் பக்கம். மூன்று ஏக்கர் நிலம். 2020 ஊரடங்கில் மொத்தப் பொருளாதாரமே சுருங்கியபோது விவசாயம் 3 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. திருப்பூரிலும் சென்னையிலும் வேலை போனவர்கள் எங்கே வந்தார்கள்? ஊருக்குத்தான். 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை இந்தியா நிறுத்தியதும் உலகச் சந்தையே ஆடிப்போனது. உலக அரிசி வியாபாரத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் நம்முடையது. இதெல்லாம் 18 என்ற எண்ணுக்குள் எப்படி அடங்கும்?

கணக்குப்பிள்ளை:
ஊருக்குத் திரும்பியதைப் பெருமையாகச் சொல்கிறீர்கள். எனக்கு அது தோல்வியாகத் தெரிகிறது. 2018-19இல் விவசாயத்தில் இருந்தவர்கள் 42.5 சதவீதம், 2020-21இல் 46.5. உலையில் போட்ட அரிசி அதேதான், பந்தியில் உட்கார்ந்தவர்கள்தான் கூடினார்கள்.

இன்னொன்று. 2018-19 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிர் சாகுபடியில் வந்தது 3,798. கூலி, சம்பளத்தில் வந்தது 4,063. அதாவது விவசாயக் குடும்பம் என்று நாம் சொல்லும் வீட்டில் அடுப்பு எரிவதே கூலியால்தான். தமிழ்நாட்டில் சராசரி நிலம் ஒரு ஹெக்டேர்கூட இல்லை, 0.75தான் (2015-16 கணக்கு). நீங்களே உங்கள் வயல் கணக்கைப் போடுங்கள், பார்க்கலாம்.

வெண்ணாற்றங்கரை:
போடுகிறேன், மறைக்க என்ன இருக்கிறது? 2025 தையில் அறுத்த சம்பா. ஏக்கருக்கு 35 மூட்டை, மூட்டை 60 கிலோ, ஆக 21 குவிண்டால். சன்ன ரகம், குவிண்டால் 2,450 ரூபாய். மொத்தம் 51,450. உழவு, நாற்று, நடவு, களை, உரம், மருந்து, அறுவடை மிஷின், ஏற்றுக்கூலி எல்லாம் சேர்த்து 36,000. நின்றது 15,450.

இதில் நெல்லைக் கொள்முதல் நிலைய வாசலில் கொட்டிவிட்டு ஒன்பது நாள் காவல் இருந்தது சேரவில்லை. ஈரப்பதம் 17க்கு மேல் என்று திருப்பி அனுப்புவார்கள். காய வைத்தால் மறுபடி மழை. தார்ப்பாய் வாடகை தனி. நடவுக்கு ஆள் கிடைப்பதும் இல்லை, நூறு நாள் வேலை வந்து கெடுத்துவிட்டது.

கணக்குப்பிள்ளை:
மூன்று ஏக்கருக்கு 46,350. ஆறு மாத வேலைக்கு மாதம் 7,725. நகரத்தில் ஏடிஎம் வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளிக்கு இதைவிட அதிகம். இப்படி ஒரு தொழிலைப் பாதுகாக்கத்தான் 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் போட்டு டெல்டாவைப் பூட்டினார்கள்.

வெண்ணாற்றங்கரை:
சட்டத்தைப் படித்துவிட்டுப் பேசுங்கள் சார். அது தடுப்பது எண்ணெய், எரிவாயு எடுப்பு, துத்தநாக, தாமிர உருக்காலை, தோல் பதனிடுதல், கப்பல் உடைத்தல் மாதிரியான புதிய திட்டங்களை. அரிசி ஆலையோ தையல் கூடமோ வரக்கூடாது என்று எங்கே இருக்கிறது? யாரும் வரவில்லை என்பதுதான் நிஜம். 2017இல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசலில் மாதக்கணக்கில் ஜனங்கள் உட்கார்ந்தது வேலைவாய்ப்பு வேண்டாம் என்றா? நிலத்தடி நீர் போய்விடும் என்ற பயத்தில்.

கணக்குப்பிள்ளை:
பூட்டினார்கள் என்றது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். யாரும் வரவில்லை என்பதைப் பற்றி நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

வன்னிக்காற்று:
இடையில் ஒரு வார்த்தை. இலங்கையில், கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். எங்கள் நாட்டில் 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரே இரவில் நிறுத்தினார்கள். நவம்பரில் திரும்பப் பெற்றாலும் காலம் கடந்துவிட்டது. அந்தப் பெரும்போகத்தில் விளைச்சல் விழுந்து, வெளியில் இருந்து அரிசி வாங்க வேண்டி வந்தது. தேயிலையும் அடிபட்டது. வயலில் கை வைத்தால் வங்கிவரை போய் இடிக்கும், நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

கணக்குப்பிள்ளை:
உரத்துக்குக் கொடுக்க டாலர் இல்லாமல் போனதும் அந்த முடிவுக்கு ஒரு காரணம் அல்லவா? அந்நியச் செலாவணிப் பிரச்சினை முதலில், வயல் அப்புறம்.

நடவுக்காரி மகள்:
ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேரும் விவசாயி விவசாயி என்கிறீர்கள். யார் அந்த விவசாயி?

என் அம்மா நாகப்பட்டினம் பக்கம் நாற்பது வருஷம் நாற்று நட்டவர். எங்கள் பெயரில் ஒரு சென்ட் நிலம் கிடையாது. கணக்குப்பிள்ளை சொல்லும் 46 சதவீதத்தில் அம்மாவும் உண்டு. ஆனால் வெண்ணாற்றங்கரை அண்ணன் கணக்கில் அவர் 'நடவு' என்ற ஒரு செலவு வரி. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்களே, அதுவும் இதே டெல்டாவில்தான். கூலி நெல் கொஞ்சம் கூட்டிக் கேட்டதில் தொடங்கிய தகராறு. விவசாயம் சமூகத்தைத் தாங்குகிறது என்று யாராவது சொன்னால் எனக்கு அதுதான் முதலில் ஞாபகம் வரும்.

நூறு நாள் வேலை கெடுத்துவிட்டது என்கிறீர்கள். அது வந்த பிறகுதான் என் அம்மா வரப்பில் நின்று 'இந்தக் கூலிக்கு வரமாட்டேன்' என்று முதன்முதலாகச் சொன்னார்.

தொழிற்சாலைக்குப் போகலாம் என்ற கணக்குப்பிள்ளை சாருக்கும் பதில் உண்டு. நான் போனேன். ஸ்ரீபெரும்புதூரில் ஒப்பந்த வேலை, மூன்று வருஷம். ஆர்டர் குறைந்ததும் அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வந்தால் அறுவடை முழுக்க மிஷின், பெண்களுக்கு வேலையே இல்லை. நீங்கள் எங்களை எங்கிருந்து எங்கே நகர்த்துகிறீர்கள்? தென்கொரியா 1950லேயே நிலத்தைப் பங்கிட்டது, ஆலைகள் பெருகியது அதற்குப் பிறகு. நாம் பங்கிடுவதையும் பாதியில் விட்டோம், ஆலையையும் பாதியில் விட்டோம்.

அண்ணா, ஒரே ஒரு கேள்வி. அந்த மூன்று ஏக்கரில் நீங்கள் இறங்கிச் செய்கிறீர்களா, குத்தகைக்கு விட்டிருக்கிறீர்களா?

கணக்குப்பிள்ளை:
கையில் நிலம் இருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே சதவீதத்தை வைத்துப் பேசிவிட்டேன். அந்த ஒப்பந்த வேலை விஷயத்துக்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. வெண்ணாற்றங்கரை பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

வெண்ணாற்றங்கரை:
குத்தகைதான். நான் இருப்பது தாம்பரத்தில். ஒன்பது நாள் காவல் இருந்தது குத்தகைக்காரர், ராத்திரி ராத்திரி போனில் சொல்வார்.

நடவுக்காரி மகள்:
குத்தகை எவ்வளவு?

வெண்ணாற்றங்கரை:
ஏக்கருக்கு எட்டு மூட்டை.

கணக்குப்பிள்ளை:
480 கிலோ, 11,760 ரூபாய். 15,450இல் அது போனால் அவருக்கு ஏக்கருக்கு நிற்பது 3,690.

நடவுக்காரி மகள்:
மழை நிவாரணம் யார் கணக்கில் ஏறியது?

வெண்ணாற்றங்கரை:
நில ஆவணமான சிட்டா என் பெயரில் இருக்கிறது, அதனால் என் கணக்கில். பாதியை அவருக்குக் கொடுத்தேன்.

நடவுக்காரி மகள்:
குத்தகையைப் பதிந்து வைக்க 1969லேயே சட்டம் இருக்கிறதே அண்ணா.

வெண்ணாற்றங்கரை:
தெரியும். பதிந்தால் நிலம் கைக்குத் திரும்பாது என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நானும் பதியவில்லை.