டூரிஸ்ட் ஊர்ல நாள் வாடகை வீடுங்களுக்குக் கட்டுப்பாடு: எந்த ரூல் நிஜமா வேலை செய்யுது?

மாடிப்போர்ஷன்:

வணக்கம். நான் இருக்கறது ஒரு சின்ன டூரிஸ்ட் ஊரு, வாடகை வீடு. எங்க தெருவுல முக்காவாசி கேட்ல நம்பர் போட்ட சாவிப்பெட்டி தொங்குது. நடுராத்திரில உருட்டுப்பெட்டிய படியில தடதடன்னு இழுத்துட்டு வந்து, நம்பர் மறந்துபோச்சுன்னு எங்க பெல்ல அடிக்கிறாங்க. சரி அதைக்கூட விடுங்க. பிரச்சனை என்னன்னா மாச வாடகைக்கு வீடே இல்ல. ஆஸ்பத்திரிக்கு புதுசா வந்த நர்ஸ் வீடு கிடைக்காம வேலையே வேணாம்னு திரும்பிப் போயிட்டாங்க, ஹோட்டல்ல ரூம் சுத்தம் பண்றவங்க தினமும் மலையேறி இறங்குற மாதிரி தூரத்துலேர்ந்து பஸ்ல வர்றாங்க, எங்க ஓனரும் சீசனுக்கு முன்னாடி காலி பண்ணிக் கொடுங்கன்னு ஜாடையா சொல்ல ஆரம்பிச்சிட்டாரு.

இப்ப நாள் வாடகை வீடுங்களுக்கு ரூல் போட நகராட்சி கருத்து கேக்குது. மூணு யோசனை பேசிட்டிருக்காங்க. வருஷத்துக்கு இத்தனை ராத்திரிதான் விடலாம்னு ஒரு வரம்பு, இல்லன்னா மொத்த லைசன்ஸ் எண்ணிக்கைக்கே ஒரு உச்சவரம்பு, அதுவும் இல்லன்னா ஓனர் தான் குடியிருக்குற வீட்டை மட்டும்தான் விடலாம். வேற ஊருங்கள்ல இதெல்லாம் பண்ணி என்ன ஆச்சு? வயித்தெரிச்சல்ல மனு எழுதக்கூடாதுன்னுதான் கேக்குறேன்.

பழையஃபைல்:

ஒரு நகராட்சில லைசன்ஸ் பிரிவுல வேலை பாத்த ஆளு நான், அந்தக் கோணத்துல சொல்றேன். மூணுல எது நல்லதுன்னு கேக்குறதுக்கு முன்னாடி, மீறினா எப்படித் தெரியும்னு கேளுங்க. ராத்திரி கணக்கு வரம்பு பேப்பர்ல அழகா இருக்கும். லண்டன்ல 2015லேர்ந்து முழு வீட்டை வருஷத்துக்கு 90 ராத்திரிக்கு மேல விட அனுமதி வாங்கணும்னு சட்டம் இருக்கு. ஆனா கட்டாயப் பதிவுன்னு ஒண்ணு இல்லாம அந்த வரம்பைக் கொண்டாந்துட்டாங்க, அதனால ஒரு புக்கிங் சைட்ல 90 முடிஞ்சா அடுத்த சைட்ல அதே வீடு வேற பேர்ல வந்து உக்காந்துக்கும், மூணு சைட்லயும் சேத்து எத்தனை ராத்திரின்னு கவுன்சில்ல யாரு உக்காந்து எண்றது? எங்க ஆபீஸ்லயும் இதே கதைதான், புகார் வந்தா போய்ப் பாப்போம், உள்ள இருக்கறவங்க "நாங்க சொந்தக்காரங்க"ன்னு சொல்வாங்க, திரும்பி வருவோம்.

வேலை செஞ்சது எதுன்னா, ஒவ்வொரு வீட்டுக்கும் பதிவு எண் கொடுத்து, எண் இல்லாத விளம்பரத்தை சைட்டே தூக்கணும், இல்லன்னா சைட்டுக்கே அபராதம்னு வச்சதுதான். சான் ஃப்ரான்சிஸ்கோல 2015லேயே பதிவு கட்டாயம், பல பேர் கண்டுக்கவே இல்ல. சைட்டுங்களும் பொறுப்புன்னு ஆனப்புறம் 2018 ஜனவரில பாதிக்கு பாதி விளம்பரம் காணாமப் போச்சு. வீட்டுக்கு வீடு ரெய்டு போய் நடந்த காரியம் இல்ல அது, எண் இல்லாத விளம்பரத்துக்கு சைட்ல இடமே கிடையாதுன்னு ஆனதால நடந்தது. சைட்டுங்க கோர்ட்டுக்கும் போனாங்க. கலிஃபோர்னியால சான்டா மோனிகாங்கற ஊரு மேல போட்ட கேஸ்ல 2019ல அப்பீல் கோர்ட் நகராட்சி பக்கம்தான் சொல்லிச்சு: விளம்பரத்துல என்ன போடுறாங்கன்னு சைட்டைத் தணிக்கை பண்ணச் சொல்லல, பதிவு இல்லாத வீட்டுக்கு புக்கிங் பணத்தை வாங்காதன்னுதான் சொல்லிருக்காங்கன்னு. நீங்க மனுவுல ஒரே ஒரு வரி எழுதறதா இருந்தா இதை எழுதுங்க.

ஐரோப்பிய யூனியன்லயும் 2024ல ஒரு பொது விதி போட்டிருக்காங்க, 2026 மே மாசத்துலேர்ந்து அமலு. பதிவு முறை வச்சிருக்குற ஊருங்களுக்கு சைட்டுங்க தகவலை ஒழுங்கா அனுப்பியாகணும்.

ரெண்டாவதுவீடு:

எல்லாரும் ஓனர்ங்கள கொள்ளைக்காரன் மாதிரி பேசறதால எழுதுறேன். எங்க அப்பா அம்மா இருந்த வீடு, டூரிஸ்ட் ஊருதான். லீவுக்கு நாங்க குடும்பத்தோட அங்கதான் போவோம். மீதி நாள்ல நாள் வாடகைக்கு விடறேன், அதுலதான் கூரை ரிப்பேரு, வரி, காவலாள் சம்பளம் எல்லாம். இதைத் தடை பண்ணினா நான் மாச வாடகைக்கு விடுவேன்னு யாரு சொன்னா? விட மாட்டேன், ஏன்னா லீவுக்கு எனக்கு வீடு வேணும். பூட்டித்தான் வைப்பேன். அப்ப நர்ஸுக்கும் வீடு கிடைக்காது, ஊருக்கு வர்ற வருமானமும் போச்சு. இன்னொண்ணு, மாச வாடகைக்கு விட்டு காலி பண்ண மாட்டேன்னு உக்காந்துட்டா கோர்ட்டு கேஸுன்னு அலையறது யாரு, நீங்களா வருவீங்க?

நியூயார்க் கதைய யாரும் சொல்லலையே. 2023 செப்டம்பர் 5லேர்ந்து 30 நாளுக்குக் குறைவா விடணும்னா பதிவு பண்ணணும், ஓனர் அதே வீட்ல கூட இருக்கணும், ரெண்டு பேருக்கு மேல தங்க முடியாது. விளம்பரம் எல்லாம் சுத்தமா அடிபட்டுச்சு. வாடகை குறைஞ்சுதா? இல்லையே. ஹோட்டல்காரன் ரேட்டை ஏத்தினான், அவ்ளோதான். இந்த ரூலுக்கெல்லாம் பின்னாடி நின்னு கைதட்டறது யாருன்னு கொஞ்சம் பாருங்க.

எண்ணிப்பாரு:

ரெண்டாவதுவீடு சொல்றதுல பாதி நியாயம் இருக்கு, ஆனா நியூயார்க் தப்பான உதாரணம். அந்த ஊர்ல மொத்தம் 35 லட்சத்துக்கும் மேல குடியிருப்புகள், நாள் வாடகை விளம்பரம் சில பத்தாயிரம். அத்தனையும் திரும்பி வந்தாலும் வாடகை நிலவரத்துல தெரியவே தெரியாது. அதுவும் நிறைய பேரு குறைஞ்சது 30 நாள் தங்கணும்னு மாத்திப் போட்டு அப்படியே ஓட்டறாங்க. சின்ன டூரிஸ்ட் ஊர்ல கணக்கே வேற, அங்க தெருவுக்குத் தெரு விகிதமே தலைகீழ்.

அமெரிக்கா முழுக்க பாத்து மூணு பொருளாதாரக்காரங்க பண்ணின ஆய்வு ஒண்ணு 2021ல வந்துச்சு. ஒரு ஏரியால ஏர்பிஎன்பிங்கற நாள் வாடகை சைட்ல விளம்பரம் 1% கூடினா வாடகை 0.018%, வீட்டு விலை 0.026% கூடுது. ப்பூ இவ்ளோதானான்னு தோணும். ஆனா விளம்பரங்க வருஷத்துக்கு 1%ஆ கூடிச்சு? சில வருஷத்துல ரெண்டு மடங்கு மூணு மடங்கு ஆன ஊருங்க இருக்கு, அங்க இந்தச் சின்ன நம்பரைப் பெருக்கிப் பாருங்க. ஓனரே குடியிருக்குற வீடுங்க கம்மியா இருக்குற ஏரியால தாக்கம் இன்னும் ஜாஸ்தின்னும் அதே ஆய்வு சொல்லுது. டூரிஸ்ட் ஊருங்க முக்காவாசி அந்த ரகம்தான்.

லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்துல 88 நகராட்சில 18 மட்டும் கடுமையான ரூல் போட்டுச்சு. எல்லைக் கோட்டுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் வச்சு ஆய்வாளருங்க ஒப்பிட்டாங்க. விளம்பரம் பாதியாச்சு, வீட்டு விலை, வாடகை சுமார் 2% இறங்குச்சு. ஆக ரூல் போட்டா ஒண்ணுமே ஆகாதுங்கறதும் பொய், போட்டா உடனே வீடு மலிஞ்சிடும்ங்கறதும் பொய்.

சும்மாவந்தேன்:

2%க்கா இவ்ளோ சண்டை 😄 வீடு கட்டுங்கப்பா, கட்டினா எல்லாம் சரியாயிடும்.

எண்ணிப்பாரு:

சும்மாவந்தேன், கட்டணும்தான், யாரு வேணாம்னா? ஆனா கட்டற வீடு யாரு கைக்குப் போகுதுங்கறதுதான் கேள்வி. இங்கிலாந்துல செயின்ட் ஐவ்ஸ்னு கடலோர ஊரு, 2016ல ஓட்டெடுப்பு வச்சு, இனிமே கட்டற புது வீட்ல முழுநேரமா குடியிருக்கறவங்க மட்டும்தான் இருக்கலாம்னு கொண்டாந்தாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. என்ன ஆச்சுன்னா, வெளியூர்க்காரங்க புது வீட்ட விட்டுட்டு பழைய வீட்டு மேல பாஞ்சாங்க, பில்டர்ங்களுக்கும் ஆர்வம் போயிடுச்சு. புதுசுக்கு மட்டும் ரூல் போட்டு பழசைத் திறந்து விட்டா இப்படித்தான்.

மாடிப்போர்ஷன்:

எல்லாருக்கும் நன்றி. ரெண்டாவதுவீடு, உங்கள மாதிரி ஒரு வீடு வச்சிருக்கறவங்க மேல எனக்குக் கோவம் இல்லங்க. எங்க தெருவுல இருக்குற சாவிப்பெட்டி எல்லாத்துலயும் ஒரே கம்பெனி ஸ்டிக்கர், அழுக்குத் துணி மூட்டைய அள்ளிட்டுப் போறதும் ஒரே வேன்தான். ஒரு வீட்டுக்காரரையும் பதினஞ்சு வீடு எடுத்து நடத்துற கம்பெனியையும் ரூல் எப்படிப் பிரிச்சுப் பாக்கும்? அப்புறம், பூட்டித்தான் வைப்பேன்னு சொன்னீங்களே, அதுக்கு எங்கயாவது வழி கண்டுபிடிச்சிருக்காங்களா?

பழையஃபைல்:

பிரிக்கறதுக்கு இருக்குறதுலயே சுலபமான கருவி உங்க மூணாவது யோசனைதான், குடியிருக்குற வீடு மட்டும்ங்கறது. ஒரு ஆளு பதினஞ்சு வீட்ல குடியிருக்க முடியாதில்ல. கனடால பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2024 மே 1லேர்ந்து அப்படித்தான் வச்சிருக்கு, பத்தாயிரம் பேருக்கு மேல இருக்குற ஊருங்கள்ல குடியிருக்குற வீடு, அதோட அதே வளாகத்துல இன்னொரு சின்ன போர்ஷன், அவ்ளோதான். இதுல ஒரு விஷயம் கவனிங்க, சுற்றுலாவையே நம்பி இருக்குற சில ரிசார்ட் ஊருங்களுக்கு விலக்கு கொடுத்து, வேணும்னா நீங்களே சேர்ந்துக்கலாம்னு விட்டுட்டாங்க. சுற்றுலாதான் சோறுங்கற ஊர்ல ஒரேயடியா கத்திய வச்சா கவுன்சிலர் சீட்டு போயிடும்ங்கறது எல்லா ஊர் கவுன்சிலருக்கும் தெரியும்.

சட்ட வார்த்தைல மட்டும் ஜாக்கிரதை. அமெரிக்கால நியூ ஆர்லியன்ஸ்ல குடியிருப்புப் பகுதில உள்ளூர்வாசிக்கு மட்டும்தான் லைசன்ஸ்னு வச்சிருந்தாங்க, 2022ல அப்பீல் கோர்ட் வெளி மாநிலத்துக்காரங்களுக்குப் பாரபட்சம்னு அடிச்சிருச்சு. ஒவ்வொரு நாட்டுக்கும் சட்டம் வேற, அதனால நல்ல வக்கீல் ஒருத்தர்ட்ட வரைவக் காட்டாம கொடுக்காதீங்க.

பூட்டி வைக்கறதுக்கு வரிதான் வழி. வேல்ஸ்ல 2023 ஏப்ரல்லேர்ந்து ரெண்டாவது வீட்டுக்கும் பூட்டிக் கிடக்கற வீட்டுக்கும் வழக்கமான வரிக்கு மேல 300% வரைக்கும் கவுன்சில் கூடுதலா போடலாம். வியாபாரம்னு சொல்லி அதுலேர்ந்து தப்பிக்கணும்னா வருஷத்துல 182 நாளாவது நிஜமா வாடகைக்குப் போயிருக்கணும். முன்னாடி இது 70 நாளா இருந்துச்சு, சும்மா பேருக்கு விட்டுட்டு தப்பிச்சிட்டிருந்தாங்க.

ரெண்டாவதுவீடு:

அதாவது விட்டாலும் அடி, பூட்டினாலும் அடி. நல்லா இருக்கு. அப்ப வித்துட்டுப் போன்னு நேராவே சொல்லிடுங்களேன்.

ஓரமாநிக்கிறேன்:

அடி மட்டும் இல்லண்ணே, காசு கொடுக்கற வழியும் இருக்கு, அதை யாரும் சொல்லாததால நான் சொல்றேன். அமெரிக்கால கொலராடோ மாநிலத்துல வெய்ல்னு பனிச்சறுக்கு ஊரு, 2017லேர்ந்து நகராட்சியே வீட்டு ஓனருக்கு ஒரு தொகை கொடுக்குது. பதிலுக்கு அந்த வீட்டுப் பத்திரத்துலயே ஒரு நிபந்தனை ஏறும், அந்த வட்டாரத்துல வாரத்துக்கு சராசரி 30 மணி நேரமாவது வேலை பாக்கறவங்கதான் குடியிருக்கணும்னு. ஓனர் வித்தாலும் நிபந்தனை வீட்டோட போகும். வெளியூர்க்காரர் வாங்கலாம், குடியிருக்கறது உள்ளூர் வேலைக்காரங்கதான். யாரும் யார் சொத்தையும் பிடுங்கல. அதே மாநிலத்துல ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ்ல 2022ல மக்கள் ஓட்டுப் போட்டு நாள் வாடகை மேல 9% வரி கொண்டாந்தாங்க, அந்தப் பணம் உள்ளூர்க்காரங்களுக்கு வீடு கட்ட. கனடால விஸ்லர் ஊருக்கு 1997லேர்ந்தே தனி வீட்டு வசதி அமைப்பு இருக்கு, வேலை பாக்கறவங்கள்ல குறைஞ்சது 75% பேர் ஊருக்குள்ளயே குடியிருக்கணும்ங்கறது அவங்க வச்சிருக்குற இலக்கு.

பார்சிலோனா மாதிரி பண்ணலாமேன்னு யாராவது கேப்பாங்க. 10,101 டூரிஸ்ட் ஃப்ளாட் லைசன்ஸையும் 2028 நவம்பருக்கு மேல புதுப்பிக்கப் போறதில்லன்னு 2024ல அறிவிச்சாங்க, ஸ்பெயின் அரசியலமைப்பு கோர்ட்டும் 2025ல அதுக்கு ஆதாரமான சட்டத்தை செல்லும்னு சொல்லிருச்சு. ஆனா அது ஹோட்டலும் வேற தொழிலும் நிறைஞ்ச பெரிய நகரம். சின்ன ஊர்ல ஒரே நாள்ல நிறுத்தினா துணி துவைக்கிறவங்க, சாவி கொடுக்கறவங்க, தோட்டக்காரங்கன்னு நீங்க யாருக்காக வீடு கேக்குறீங்களோ அவங்க வேலைதான் முதல்ல போகும்.

மாடிப்போர்ஷன்:

இந்தக் கடைசி விஷயம் எனக்குத் தோணவே இல்ல. எங்க பக்கத்துப் போர்ஷன் அக்கா அந்த வேன்லதான் வேலை பாக்குறாங்க.

சரி, இப்படி எழுதலாம்னு இருக்கேன்: எல்லா நாள் வாடகை வீட்டுக்கும் பதிவு எண், எண் இல்லாம புக்கிங் எடுத்தா சைட்டுக்கு அபராதம். குடியிருக்கற வீடும் கூட ஒரு போர்ஷனும் விடறவங்களுக்கு சுலபமான லைசன்ஸ், கட்டணமும் கம்மி. மத்த வீடுங்களுக்கு இப்ப இருக்கறதோட நிறுத்தம், வித்தா லைசன்ஸ் வாங்கறவருக்குப் போகாது, அப்படியே மெதுவா குறையட்டும். நாள் வாடகை வரி தனிக்கணக்குல போய், அதுலேர்ந்து வெய்ல் மாதிரி ஓனருக்குக் காசு. ராத்திரி வரம்பை விட்டுடறேன். ரெண்டாவதுவீடு, உங்களுக்கு இதுல எது உறுத்துது?

ரெண்டாவதுவீடு:

வித்தா லைசன்ஸ் வாங்கறவருக்குப் போகாதுங்கறது உறுத்துது. வாரிசுக்கு வந்தா அது விற்பனையா இல்லையான்னு தெளிவா எழுதுங்க, இல்லன்னா முதல் கேஸ் என்னுதுதான். மத்தபடி அந்த எவ்வளவு காசுங்கறத நகராட்சி சொல்லட்டும், கணக்குப் போட்டுப் பாக்கறேன்.

பழையஃபைல்:

வாரிசு விஷயம் சரியான பாயிண்ட், விலக்கு கொடுத்திடுங்க. அதே மூச்சுல கம்பெனி பேர்ல இருக்குற வீட்டோட ஷேர் கை மாறினாலும் விற்பனைதான்னு ஒரு வரி சேருங்க, இல்லன்னா வீட்ட விக்காம கம்பெனிய வித்துட்டுப் போயிடுவாங்க. சரிபார்க்க எத்தனை ஆளுன்னும் கேளுங்க. எங்க ஆபீஸ்ல மொத்த ஊருக்கும் ஒரே இன்ஸ்பெக்டர், அவரும் சனி ஞாயிறு லீவு, டூரிஸ்ட் வர்றதோ சனி ஞாயிறு.