அலைப்பூட்டு: வடகொரிய வானொலிப் பெட்டிக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வடகொரிய ஊடகம் பற்றி மொழிபெயர்க்கும்போது ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் எனக்குக் கை நின்றுவிடுகிறது. அங்கே விற்கும் வானொலியில் அரசு நிலையங்கள் மட்டுமே எடுக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டி என்றால் அதிகாரிகளிடம் பதிவு செய்ய வேண்டும். அவர்கள் அலைவரிசையை மாற்ற முடியாதபடி சால்டர் வைத்து அடைத்து, மேலே முத்திரையிட்ட தாள் ஒட்டித் தருவார்கள். அப்புறம் திடீரென்று வீட்டுக்கு வந்து, தாள் கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். தொலைக்காட்சிக்கும் இதே கதிதான். இதற்கு ஒரு சொல் வேண்டும் என்று முன்பு கேட்டு, 'பூட்டலை' என்று ஒன்றை நானே எழுதியிருந்தேன். உங்களிடமிருந்தும் சில பரிந்துரைகள் வந்தன.

'நிலையலை வானொலி' என்ற பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. நிலை அலை என்பது நம் பள்ளி இயற்பியலில் வேறொன்று. அதைவிடப் பெரிய குறை, நிலைத்தல் தன்வினை என்பது. அலைவரிசை தானாகவே அங்கே நின்றுவிட்டதுபோல் ஒலிக்கிறது. ஆனால் நிற்கவில்லை, நிறுத்தியிருக்கிறார்கள். நிறுத்திய கை சொல்லில் தெரிய வேண்டும் என்பதுதான் என் வாதம்.

'முத்திரை வானொலி' அழகாக இருக்கிறது, சரி. ஆனால் முத்திரை பதிப்பது நம் வழக்கில் பெருமைக்குரிய செயல். முதல்முறை படிப்பவர், தரச்சான்று பெற்ற பெட்டி என்றே எடுத்துக்கொள்வார்.

நான் முதலில் எழுதிய 'பூட்டலை'யையும் திரும்பப் பெறுகிறேன். "கதவைப் பூட்டலை" என்றால் பூட்டவில்லை என்றுதானே பொருள்! சுட்டிக்காட்டிய ஐயாவுக்கு நன்றி. சொற்களை முன்பின்னாக மாற்றினால் சிக்கல் தீர்கிறது: அலைப்பூட்டு. அலைப்பூட்டு வானொலி, அலைப்பூட்டுத் தொலைக்காட்சி. பூட்டு என்றால் பூட்டியவர் ஒருவர் உண்டு, சாவி அவரிடம் இருக்கிறது என்பதும் கூடவே வந்துவிடுகிறது.

'கட்டுப்படுத்தப்பட்ட ஊடகம்' என்று பொதுவாக எழுதிவிட்டுப் போகலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். போகக்கூடாது. தென்கொரியாவின் கேபிஎஸ், அமெரிக்க நிலையங்களான வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா, ரேடியோ ஃப்ரீ ஏசியா எல்லாம் பல ஆண்டுகளாக வடக்கை நோக்கிக் கொரிய மொழியில் ஒலிபரப்பின. மத்திய அலையும் சிற்றலையும் எல்லைக்காவலைப் பார்த்து நிற்பதில்லை. வடகொரியா எதிர் அலைகளை வீசி அவற்றைக் கெடுத்தும் வந்தது. அது வானத்தில் நடப்பது, அதற்கு 'அலைக்குழப்பு' என்று தனிச்சொல் வைத்துக்கொள்ளலாம். அதையும் தாண்டி அலை வீட்டுக்குள் வந்துவிடுகிறது. வந்த அலையைப் பெட்டி எடுக்கக்கூடாது என்பதற்குத்தான் இந்தப் பூட்டு. அலைப்பூட்டு நடப்பது ஒரு குடும்பத்தின் கூடத்தில். இரண்டையும் ஒரே சொல்லில் போட்டால், அந்தக் குடும்பம் கண்ணில் படாமல் போய்விடும்.

பூட்டைத் திறந்தவர்களும் இருக்கிறார்கள். சோதனைக்குக் காட்ட ஒரு பெட்டி, போர்வைக்குள் கேட்க இன்னொன்று என்று வைத்திருந்ததைத் தப்பி வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 2020 டிசம்பரில் வந்த புதிய சட்டத்தின்படி தென்கொரியப் படம் பார்த்தாலே பல ஆண்டுக் கட்டாய உழைப்பு. அவ்வளவுக்கும் துணிந்து செய்யும் வேலைக்கும் நம்மிடம் பெயர் வேண்டும். 'அலைப்பூட்டு நீக்கம்' என்பது கணக்கு நீக்கம்போல் அலுவலகத்தனமாக இருக்கிறது. 'அலைப்பூட்டு அவிழ்த்தல்' எப்படி? பூட்டிய மாட்டை அவிழ்ப்பது நம் பேச்சில் இருப்பதுதான்.

ஒன்று மட்டும் இந்தச் சொல்லுக்குள் அடங்காது. வீடுகளுக்குக் கம்பி இழுத்து, சுவரில் ஒலிபெருக்கி மாட்டி நடத்தும் ஒலிபரப்பு. அவர்களே அதை 'மூன்றாம் ஒலிபரப்பு' என்கிறார்கள். கம்பிக்குள் போவதால் வெளிநாட்டவர் ஒட்டுக்கேட்க முடியாது. உள்நாட்டுக்கு மட்டும் சொல்ல வேண்டியதை அதில் சொல்லலாம். அதில் பூட்டுவதற்கு அலைவரிசையே கிடையாது. 'கம்பி வானொலி' என்றால் வானும் கம்பியும் மோதுகின்றன. நான் 'கம்பியொலி' என்று எழுதிப் பார்த்தேன், வீணை நினைவுக்கு வருகிறது. இதற்கு யாராவது வழி சொல்லுங்கள்.