வீட்டில் பராமரிக்கப்படும் இளைஞரைத் தீவிரவாதப் பிரச்சாரத்திலிருந்து காப்பது எப்படி?

அனைவருக்கும் வணக்கம். வீடுகளுக்குச் சென்று நோயாளிகளைப் பராமரிக்கும் ஊழியர்களை மேற்பார்வையிடும் பணியில் இருக்கிறேன். விபத்துக்குப் பின் படுக்கையோடு முடங்கிய இளைஞர் ஒருவர், சில வாரங்களாக இரவெல்லாம் கைப்பேசியில் காணொளிகள் பார்க்கிறார். ஊழியர் உள்ளே நுழைந்ததும் திரையைக் கவிழ்த்து வைத்துவிடுகிறார். நேரில் பார்த்தறியாத ‘அண்ணன்’ ஒருவர் தினமும் பேசுவதாகவும், ஒரு சமூகத்தாரைப் பூண்டோடு ஒழிக்க வேண்டுமென அவர் சொல்வது நியாயமே என்றும், தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்த ஊழியரிடம் கூறியிருக்கிறார்.

கடுமையான அரசியல் கருத்தோ ஆழ்ந்த பக்தியோ தீவிரவாதம் ஆகிவிடாது என்பதை அறிவேன். ஆனால், ஆள்சேர்ப்பவர்கள் தனிமையில் வாடுபவர்களுக்கு முதலில் நட்பைக் கொடுத்து, பிறகுதான் பகையை ஊட்டுகிறார்கள் என்பதால் அஞ்சுகிறேன். கைப்பேசியைப் பறிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அவருக்கு வெளியுலகமே அதுதான்.

பிரிட்டனில் 2015ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சி அமைப்புகள், பள்ளிகள், பொது மருத்துவமனைகள் ஆகியவற்றுக்கு மக்கள் பயங்கரவாதத்தின் பக்கம் ஈர்க்கப்படுவதைத் தடுப்பதில் உரிய கவனம் செலுத்தும் கடமையை விதித்துள்ளது. ஆனாலும், அங்கே அப்படி ஈர்க்கப்படும் அபாயத்தில் உள்ளவர்களுக்கான ஆதரவுத் திட்டத்தில் சேர்வதற்கு உரியவரின் சம்மதம் தேவை. இதில் அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து வழிகாட்டுங்கள். ஊழியர் தம் ஊகத்தைக் கலக்காமல், கேட்ட சொற்களை மட்டும் குறிப்பேட்டில் பதிவது போதுமா? குடும்பத்தாரிடம் எந்தக் கட்டத்தில் சொல்வது? அந்த இளைஞரின் நம்பிக்கையை இழக்காமல் பேச்சை எப்படித் தொடங்குவது?